பக்கவாதத்துக்குப் பின் கால் இறுக்கம்: பிசியோதெரபி கேள்வி-பதில்

அப்பாவின் பாதத்தை மேலே மடக்கினால் கால் கிடுகிடுவென்று உதறுகிறது. வலிப்பா?

வலிப்பு அல்ல, குளோனஸ். மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால், கெண்டைக்கால் தசை சட்டென்று இழுபட்டதும் மாறி மாறிச் சுருங்குகிறது. வேகமாக இழுக்க இழுக்க இறுக்கமும் கூடும். பலர் விரல்களையும் முன்பாதத்தையும் பிடித்துத் தள்ளுவார்கள். அதுவே உதறலைத் தூண்டும். போதாததற்கு, குதிகால் மேலேயே நிற்க, பாதத்தின் நடுப்பகுதி மட்டும் வளையும்.

அவரை மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை நீட்டுங்கள். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, உள்ளங்கால் முழுவதும் உங்கள் முன்னங்கையில் படியட்டும். குதிகாலை உங்கள் பக்கம் இழுத்தபடி, உங்கள் உடலை மெல்லச் சாய்த்துப் பாதத்தை அவர் முகம் நோக்கி மடக்குங்கள். பாதம் உள்பக்கம் திரும்பினால் முதலில் நேராக்கிக்கொள்ளுங்கள். 30 முதல் 60 விநாடி பிடித்து, 5 முறை. அடுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, மடக்கிய நிலையில் இதையே செய்யுங்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசை அப்போதுதான் நீளும். உதறல் வந்தால் விடாமல், தள்ளாமல், அப்படியே பிடித்திருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

தினமும் இழுத்துவிடுகிறோம். மறுநாள் அதே இறுக்கம்தானே?

ஆமாம். கையால் இழுப்பதன் பலன் அதிக நேரம் நிற்காது. அதனால் நடைப்பயிற்சிக்குச் சற்று முன்பு இழுத்துவிட்டு, கிடைத்த தளர்வை உடனே பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால், உட்கார்ந்து எழுவதைவிட நல்ல பயிற்சி குறைவு. உயரமான நாற்காலியில், பாதிக்கப்பட்ட காலைச் சற்றுப் பின்னுக்கும் நல்ல காலை முன்னுக்கும் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் 8 முதல் 10 முறை எழ வேண்டும். அருகில் ஒருவர் நிற்க வேண்டும்; மூச்சை அடக்கக் கூடாது. பயிற்சியால் இறுக்கம் கூடும் என்ற பயம் வேண்டாம். இறுகிய தசை பலவீனமான தசையும்கூட.

இரண்டு நாளாகத் திடீரென்று விறைப்பு அதிகம். ஏன்?

காலை விட்டு வேறு இடத்தில் தேடுங்கள்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுக்கமான காலணி. உணர்வு குறைந்த காலில் வலி தெரியாது, விறைப்பாகத்தான் வெளிப்படும். சூடான ஒத்தடம் வைத்தாலும் கால் வெந்துபோவது அவருக்குத் தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்காதீர்கள், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டால் பயிற்சி தேவையில்லையா?

அப்போதுதான் அதிகம் தேவை. ஊசி சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி, ஏறக்குறைய 3 மாதம் தாங்கும். அந்த இடைவெளியில் தசையை நீட்டி, பாதத்தைத் தூக்கும் தசைக்கு வலு ஏற்ற வேண்டும். தசை நிரந்தரமாகக் குறுகிப்போயிருந்தால் ஊசி அதை நீட்டாது. தசை இறுக்கத்தைக் குறைக்கும் பேக்ளோஃபென் மாத்திரை சாப்பிடுபவர், ஊசி போட்டாயிற்று என்று அதைத் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.