‘பாஸ்டு அவுட்’ என்று சொன்னால் தப்பா?

கேள்வி: ஐயா, நான் 2022இல் இன்ஜினீயரிங் முடித்தவன். போன வாரம் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ நடந்தது. “ஐ பாஸ்டு அவுட் இன் 2022” என்றதும் எதிரில் இருந்த அம்மையார் சிரித்துவிட்டு, “ஹோப் யூ ஆர் ஓகே நௌ” என்றார். மயங்கி விழுந்தேன் என்று நான் சொல்லிவிட்டதாக நண்பன் பிறகு சொன்னான். ரெஸ்யூமிலும் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சரிசெய்து தர ஓர் ஏஜென்ட் 3,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசுவோம்.

நண்பர் சொன்னது சரிதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேச்சில் ‘பாஸ் அவுட்’ என்றால் முதலில் தோன்றுவது நினைவு தப்புவது. வெயிலில் நின்று மயங்கினாலும் அதுதான், குடித்துவிட்டு சோபாவில் சாய்ந்தாலும் அதுதான். அம்மாவுக்குத் தலைசுற்றி நினைவு போய்விட்டது என்று வெளிநாட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டுமானால், “ஷி பாஸ்டு அவுட்” என்று தாராளமாகச் சொல்லலாம். ‘அவுட்’டுக்குப் பதில் ‘அவே’ என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். அம்மா இறந்துவிட்டார் என்று ஆகிவிடும்.

நாம் ஏன் இப்படிச் சொல்கிறோம்? ‘பாஸ்’ ஆனோம், காலேஜை விட்டு ‘அவுட்’ ஆனோம் என்று இரண்டு சொல்லையும் கூட்டிக்கொள்கிறோம். இந்த மாதிரி சொற்கள் சேர்ந்து வேறு பொருள் தரும் வினைகள், அதாவது ‘ஃப்ரேசல் வெர்ப்’, கூட்டல் கணக்குக்கு வராது. “ஆபீஸில் என்னைப் போட்டுக் கொடுத்துட்டான்” என்கிறோமே, அதில் எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்? தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் அகராதியில் ‘போடு’, ‘கொடு’ இரண்டையும் தேடிவிட்டு முழிப்பார். நாம் முழிப்பதும் அதே இடத்தில்தான்.

உங்களைக் குறைசொல்ல மாட்டேன். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் படித்தீர்கள். இந்த வினைகளை எப்போது கண்ணில் காட்டினார்கள்? ஒரு மார்க்குக்குப் பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக. விடையை மனப்பாடம் செய்து எழுதி, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்தாயிற்று. போதாததற்கு, காலேஜ் நோட்டீஸ் போர்டிலேயே ‘பாஸ்டு அவுட் ஸ்டூடன்ட்ஸ்’ என்று ஒட்டுகிறார்கள். வேலை விளம்பரத்திலும் அதுவேதான். பையன் பார்த்ததைப் பேசுகிறான். பேராசிரியர்களே அப்படிப் பேசும்போது யார் திருத்துவது?

ஆகவே நம் ஊர் கம்பெனியில் சொன்னால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். வெளிநாட்டவரிடம் பேசும்போது “ஐ கிராஜுவேட்டட் இன் 2022” போதும். அது வாயில் வரவில்லையா, “ஐ ஃபினிஷ்ட் மை டிகிரி இன் 2022” என்று சொல்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. டிப்ளமோவுக்கு ‘கம்ப்ளீட்டட்’. பரீட்சையில் தேறியதைச் சொல்ல ‘பாஸ்டு’ மட்டும் வரட்டும், வாலாக ‘அவுட்’ வேண்டாம். படிவத்தில் ‘இயர் ஆஃப் பாசிங்’ என்று கேட்டால் வருடத்தைப் போட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பாஸ்டு அவுட் முழுக்க இந்தியத் தப்பு’ என்று அடித்துச் சொல்பவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவப் பயிற்சியை முடிப்பதற்கும் இதே சொல்தான். சென்னை பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் இருக்கிறதே, அங்கே பயிற்சி முடிவில் நடப்பது ‘பாஸிங் அவுட் பரேட்’. அணிவகுத்து வந்து கடைசி அடி வைத்துக் கோட்டைத் தாண்டுவார்கள். பிறகு பெற்றவர்கள் பிள்ளையின் தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். அங்கே ‘பாஸ்டு அவுட்’ என்றால் அதிகாரியாகிவிட்டான் என்று பொருள். இன்னொரு பக்கம், 2023 ஜூனில் லண்டனில் அரச அணிவகுப்பின் ஒத்திகையின்போது, கரடித்தோல் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக 30 டிகிரி வெயிலில் நின்ற சிப்பாய்கள் சிலர் இளவரசர் வில்லியம் கண்ணெதிரே சாய்ந்தார்கள். அவர்களும் ‘பாஸ்டு அவுட்’தான். இரண்டும் சீருடை, இரண்டும் மைதானம், சொல்லும் ஒன்றுதான். யார், எங்கே என்பதை வைத்துத்தான் பொருள் பிடிபடும்.

இப்போது அந்த ஏஜென்டுக்கு வருகிறேன். இவர்கள் செய்யும் ‘திருத்தம்’ என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாணவர் பணம் கட்டி வாங்கிய ரெஸ்யூமைக் கொண்டுவந்து காட்டினார். கம்ப்யூட்டரில் ‘பாஸ்டு அவுட்’ இருந்த இடமெல்லாம் ‘கிராஜுவேட்டட்’ என்று ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார்கள். விளைவு, பத்தாம் வகுப்பிலேயே அவர் பட்டதாரி! தப்பித்தவறி ராணுவத்தில் இருந்தவர் ரெஸ்யூம் இவர்கள் கையில் சிக்கினால் அதன் கதி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ‘முப்பதே நாளில் ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப்’ என்று ஜெராக்ஸ் தாள் கொடுக்கும் பயிற்சி மையங்களும் இதே ரகம்தான். பட்டியலில் படித்தது வாய்க்கு வராது. ஒரு வாரத்துக்கு ஒரு சொல், அதை வைத்து உங்கள் வீட்டு விஷயமாகவே நாலு வாக்கியம். அதற்குக் காசு செலவில்லை.

உங்கள் ரெஸ்யூமில் அந்தச் சொல் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் இருக்காது. இன்றைக்கே உட்கார்ந்து நீங்களே மாற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை. பள்ளிப் படிப்புக்கு எதிரே வினைச்சொல்லே வேண்டாம்; பள்ளியின் பெயர், வருடம் போதும்.

அந்த இன்டர்வியூவை நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த அம்மையார் கேட்டது வேடிக்கைக்கு. புரியாமல் கேட்டிருக்க மாட்டார். இந்தியர்களை வேலைக்கு எடுக்கிறவர்கள் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். நன்றி சொல்லி இன்னும் மெயில் போடவில்லை என்றால் இப்போது போடுங்கள். மூன்று வரி போதும். மயக்கம் பற்றி விளக்கம் எதுவும் அதில் வேண்டாம்.