கேளுங்கள் டீச்சர்: காசு செலவில்லாமல் கிளாஸ் எடுக்க முடியுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு எடுக்கிறவர்களிடமிருந்து. ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தாலும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கைக்காசு போடாமல் வகுப்புக்கு என்ன கிடைக்கும்? சரி, இந்த இதழ் முழுக்க அதையே பேசிவிடுவோம்.

நான் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு கிடையாது. லேப் என்று பூட்டிய அறை ஒன்று உண்டு. நெட்டில் தேடினால் ஆயிரம் வருகிறது, எதைத் தொடுவது என்றே தெரியவில்லை. எங்கே ஆரம்பிக்கட்டும் டீச்சர்?
– வாசகி, பெரம்பூர்

முதலில் அந்தப் பூட்டிய அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கேலி செய்யவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழு வருடம் கழித்துத்தான் அந்த மாதிரி ஓர் அறை திறந்தது, உள்ளே பிரிக்காத பெட்டியில் பன்னிரண்டு லென்ஸ், நான்கு பட்டகம், ஒரு நல்ல தராசு. அதுவரை நான் கைக்காசு போட்டு லென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நெட்டுக்கு வருவோம். தேடுவதற்கு முன்னால் கையில் இருக்கும் சமச்சீர் புத்தகத்தைப் புரட்டுங்கள். 2018-இல் பாடத்திட்டம் மாறியபோது பாடத்துக்குள்ளேயே கியூஆர் கோடு அச்சிட்டார்கள். தீக்ஷா ஆப்பில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். பத்து வருடம் சர்வீஸ் ஆனவர்களில்கூட அதை ஒருமுறையும் ஸ்கேன் செய்யாதவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் நானும் ரொம்ப நாள் இருந்தேன். அப்புறம் மணற்கேணி. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த ஆப் இது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வீடியோ போட்டிருக்கிறார்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தொட்டனைத் தூறும் மணற்கேணி என்ற குறளிலிருந்து எடுத்த பெயர், ஆனால் தோண்டாமல் சும்மா ஓடவிட்டால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அறிவியலுக்கு எனக்கு மிகவும் பிடித்தது ஃபெட் (PhET), திரையிலேயே சோதனை செய்து பார்க்கிற இலவச இணையதளம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. வீடியோ மாதிரி பார்த்துக்கொண்டிருப்பது இல்லை, கைவைத்து விளையாடுவது. நிறையத் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். மின்சுற்றுப் பாடத்துக்கு அதில் ஒன்று இருக்கிறது: பேட்டரி, வயர், பல்ப், ஸ்விட்ச் எல்லாவற்றையும் விரலால் இழுத்து வைத்து சர்க்யூட் கட்டலாம். பிள்ளைகள் கையில் கொடுத்த அடுத்த நிமிடமே என்ன செய்வார்கள் தெரியுமா? பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் வயரால் இணைப்பார்கள், திரையில் பேட்டரி தீப்பிடித்து எரியும், வகுப்பே கத்தும். கத்தட்டும், விடுங்கள். ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று நீங்கள் போர்டில் எழுதவே வேண்டாம்.

தீ அணைந்த பிறகு இரண்டு பல்பைத் தொடரிணைப்பில் போடச் சொல்லுங்கள், வெளிச்சம் மங்கும். பக்க இணைப்பில் மாற்றினால் இரண்டும் பளிச்சென்று எரியும். ஒரு பல்பைக் கழற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் நோட்டில் எழுதவையுங்கள், எழுதிய பிறகுதான் கழற்ற வேண்டும். ஆயுத பூஜைக்குக் கட்டிய சீரியல் செட்டில் ஒரு பல்ப் போய் வரிசையே அணைந்துபோனதை யாராவது ஒரு பிள்ளை சொல்லும், அங்கிருந்து பாடம் தானாக நடக்கும். உங்கள் ஃபோன் ஒன்று போதும், எட்டுப் பேருக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் அதுவரை படம் வரையட்டும்.

இரண்டு எச்சரிக்கை. எதுவாக இருந்தாலும் முதல் நாள் இரவே வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று ப்ரொஜெக்டரில் வட்டம் மட்டும் பதினைந்து நிமிடம் சுற்றிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. அப்புறம், நாற்பது நிமிட பீரியடில் பிள்ளைகள் உட்கார்ந்து, அட்டெண்டன்ஸ் எடுத்து, மிஞ்சுவது முப்பதுதான், அதில் ஒன்றே ஒன்று போதும். மூன்று வீடியோ, ஒரு கேம், ஒரு ஒர்க்‌ஷீட் என்று அடுக்கினால் மணி அடிக்கும்போது உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், உள்ளே போனால் கார்டு நம்பர் கேட்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், பல்லாவரம்

வெளியே வந்துவிடுங்கள். ஏழு நாள் இலவசம் என்றால் எட்டாம் நாள் காசு என்று அர்த்தம். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா நம்பர் எல்லாம் கேட்கிற ஆப்பும் அப்படியே, அதுவும் ஒரு விலைதான்.

ஏழாம் வகுப்புக்குச் சதவீதம் எடுக்கிறேன். புத்தகத்தில் இருக்கிற கணக்கைப் போட்டால் போடுகிறார்கள், கொஞ்சம் மாற்றிக் கேட்டால் முழிக்கிறார்கள். நல்ல ஒர்க்‌ஷீட் எங்கே இலவசமாகக் கிடைக்கும்?
– கணித ஆசிரியர், திருவொற்றியூர்

ஒர்க்‌ஷீட் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும் சார், அவற்றில் பாதி பீட்சாவை வெட்டிக்கொண்டிருக்கும். உங்கள் வகுப்புக்குத் தினமும் காலை ஐந்து மணிக்கு வாசலில் ஒரு ஒர்க்‌ஷீட் வந்து விழுகிறதே, ஆவின் பாக்கெட், அதைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு மூன்றும் வேண்டும். கொழுப்பு எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும்: நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே தேடிப் படிக்கட்டும். அந்தப் பொடி எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே பாதி வகுப்பு விழித்துக்கொள்ளும்.

முதலில் லேசான கேள்வி: அரைக் கிலோ நீலப் பாலில் கொழுப்பு எத்தனை கிராம்? பதினைந்து. ஆரஞ்சில்? முப்பது. அப்புறம் இதைக் கேளுங்கள்: வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள், அம்மா ஒரு நீலத்தையும் ஒரு ஆரஞ்சையும் சம அளவாகக் கலந்துவிட்டார், இப்போது பாத்திரத்தில் இருப்பது எத்தனை சதவீதம்? நிறையப் பேர் மூன்றையும் ஆறையும் கூட்டி ஒன்பது என்பார்கள். உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். ஆரஞ்சைவிடக் கெட்டியான பால் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து நாலரை என்று வரும், பின்னாலேயே இன்னொரு குரல், “டீச்சர், அப்போ அது பச்சைப் பாக்கெட்!” நான் இதை எடுத்தபோது அப்படிச் சொன்னது கடைசி பெஞ்சுப் பையன், அவன் அப்பா பால் பூத் வைத்திருந்தார். கொழுப்பு மட்டும்தான் பச்சைக்குச் சமம், மற்ற சத்துக் கணக்கு கொஞ்சம் மாறும், அதையும் பாக்கெட்டைப் பார்த்து அவர்களே சொல்லட்டும். அந்த வாரம் சதவீதத்துக்கு நான் வேறு எதுவும் எடுக்கவில்லை.

பால் பிடிக்காதவர்களுக்குக் கரண்ட் பில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு பில், வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டு பில்லைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். யார் வீட்டில் ஏசி ஓடுகிறது, யார் வீட்டில் ஒரு ஃபேன் என்பது வகுப்பில் தெரிய வேண்டாம். நீங்களே ஒரு பில்லை எழுதிப் போடுங்கள்.

சமூக அறிவியலுக்கு வரைபடம் நடத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நல்ல மேப் வீடியோ ஏதாவது சொல்லுங்களேன்.
– வாசகி, ஆலந்தூர்

ஆலந்தூரில் இருந்துகொண்டு வீடியோ கேட்கிறீர்களே! ஜன்னலைத் திறந்தால் பரங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கேதான் நூறடிச் சங்கிலியை நீட்டிப் போட்டு, தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை அளந்தார். அளக்க மட்டும் 57 நாள். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேக்கு அந்தக் கோடுதான் அடித்தளம். மலை மேல் அவருக்கு மார்பளவுச் சிலைகூட இருக்கிறது.

எதற்கு முக்கோணம்? ஒரு பக்கத்தையும் அதன் இரண்டு முனைக் கோணத்தையும் அளந்துவிட்டால் மூன்றாவது புள்ளிக்கு நடந்து போகவே வேண்டாம், தூரம் காகிதத்திலேயே வந்துவிடும். இதை மைதானத்தில் செய்து பாருங்கள், உங்கள் கணக்கு டீச்சரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் கயிற்றைத் தரையில் நேராகக் கட்டுங்கள். எதிரே வேப்பமரமோ கொடிக்கம்பமோ ஒன்று இருக்கட்டும். கோணமானியின் நடுப்புள்ளியில் இளநீர்க் கடை ஸ்ட்ரா ஒன்றைக் குண்டூசியால் குத்தி, கயிற்றின் ஒவ்வொரு முனையிலும் உட்கார்ந்து ஸ்ட்ரா வழியே மரத்தைப் பார்த்துக் கோணத்தைக் குறிக்க வேண்டும். ஒரு முனையில் 60 பாகை, இன்னொன்றில் 70 என்று வந்தால், வகுப்புக்குப் போய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துப் பத்து சென்டிமீட்டர் கோடு போட்டு அந்தக் கோணங்களை வரையுங்கள். கோடுகள் சந்திக்கும் இடம் 60 பாகை முனையிலிருந்து 12.3 சென்டிமீட்டர். மரம் அங்கிருந்து 12 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

பிறகு டேப் வைத்து அளந்து பாருங்கள், கண்டிப்பாக இடிக்கும். எங்களுக்கு முதல் தடவை ஒன்றரை மீட்டர் இடித்தது, கயிறு தொய்ந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. சங்கிலியைத் தொய்யவிடாமல், வெயிலில் எவ்வளவு நீள்கிறது என்றுகூடப் பார்த்து அளந்தார்கள் என்பதை அன்றைக்குச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு உறைக்கும். 57 நாள் எதற்கு ஆயிற்று என்றும் புரியும். முக்கோணத்தை நீட்டிச் சுருக்கிக் காட்ட ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆனால் கயிற்றுக்குப் பிறகு காட்டுங்கள், முன்னால் வேண்டாம்.

நெட்டில் இருக்கும் கதை, படம் எல்லாம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிறோம். நாளைக்குக் காப்பிரைட் பிரச்சினை வருமா?
– தமிழாசிரியர், குரோம்பேட்டை

பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ நகலெடுத்தால் அது மீறல் ஆகாது என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் ஜெராக்ஸ் கடை வழக்கு ஒன்று வந்தபோது 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் மாணவர் பக்கம்தான் நின்றது. அதற்காக ஒரு கைடை முழுசாக நகலெடுத்து, ஸ்பைரல் போட்டு, அறுபது ரூபாய்க்கு விற்கிறார்களே சில இடங்களில், அதை இதில் சேர்க்க முடியாது.

இந்தக் கவலையே வேண்டாம் என்றால் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தின் பக்கம் போங்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது, தமிழில் நிறையக் கதைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தப் படிநிலைக்கு என்றும் போட்டிருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருப்பதால் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டு அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றிக்கூட எழுதலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கதையைக் கொடுத்து வியாசர்பாடிப் பேச்சில் மாற்றி எழுதச் சொல்லுங்கள், பேச்சு வழக்கு எழுத்து வழக்கு என்று தனியாகப் பாடம் வேண்டியிருக்காது. பழைய நூல்களுக்குக் கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அது பிள்ளைகளுக்கு இல்லை, உங்களுக்கு.

நான் டீச்சர் இல்லை, அம்மா. ஆறாவது படிக்கும் என் பையன் சயின்ஸ் என்ற பெயரில் நாள் முழுக்க வீடியோதான் பார்க்கிறான். செய்து பார் என்றால் சாமான் வாங்கிக் கொடு என்கிறான். என்னதான் செய்வது?
– வாசகி, அம்பத்தூர்

மொட்டை மாடியும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கிறதா அம்மா? சென்னையில் வருடத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். நட்டமாக நிற்கும் எதற்கும் பக்கத்தில் நிழல் விழாது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏப்ரலில் 12.07 வாக்கில், ஆகஸ்டில் 12.13 வாக்கில். ஏன் பன்னிரண்டுக்கு இல்லை என்பதை அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அதற்கு அட்லஸில் தீர்க்கக்கோட்டைத் தேட வேண்டியிருக்கும்.

அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம். பாட்டிலைத் தரையில் நிறுத்தி, பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்கட்டும். எது மிகக் குட்டை நிழலோ அது வடக்கு தெற்காகக் கிடக்கும். வாரத்துக்கு ஒரு நாள் குறித்தால் நிழல் நகர்வது தெரியும். கன்னியாகுமரியில் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அங்கே ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே நிழல் காணாமல் போய்விடும், ஃபோன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். டெல்லியில் இருந்தால் என்றைக்குமே போகாது, ஏன் என்று கடகரேகையைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஆகஸ்டில் மேகம் கெடுத்துவிடலாம், ஏப்ரலை நம்புங்கள். வெறுங்காலோடு மாடிக்கு அனுப்பாதீர்கள், அந்த நேரத்தில் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும்.