மலைத்தோட்டத்துக்கு வண்டித்தடம்: மினி டிராக்டரால் எதுவரை முடியும்?

கொல்லிமலை வாழவந்தி நாட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்களுக்கு நான்கு ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. வீடு கீழே, மிளகும் காப்பியும் மேலே. வீட்டிலிருந்து மேல்தோட்டத்துக்கு நேராக ஏறும் ஒற்றையடித் தடம் ஏறக்குறைய 300 அடி நீளம். அதற்குள் 80 அடி உயரம் ஏற வேண்டும். நிலத்தின் குறுக்ககலம் 500 அடி இருக்கும். 24 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டர் ஒன்றைப் பின்பக்க பிளேடும் ஐந்து கொத்துக் கலப்பையும் சேர்த்து வாங்கியிருக்கிறோம். இதை வைத்தே அந்தத் தடத்தை அகலப்படுத்தி டிரெய்லர் போகும்படி செய்துகொள்ளலாமா, அல்லது பெரிய இயந்திரம் கட்டாயம் வேண்டுமா?”

அந்தத் தடத்தை அகலப்படுத்தாதீர்கள் என்பதே என் முதல் பதில். 300 அடிக்கு 80 அடி என்றால் நூற்றுக்கு 27 அளவிலான ஏற்றம். சுமை ஏற்றிய டிரெய்லரை அந்த ஏற்றத்தில் இழுப்பது ஆபத்து. இறக்குவது அதைவிட ஆபத்து. அதற்கு மேலாக, சரிவின் போக்கிலேயே நேராகக் கிடக்கும் தடத்தை எவ்வளவு செலவு செய்தாலும் காப்பாற்ற முடியாது. டிராக்டர் சக்கரம் பதிந்த இரண்டு கோடுகளும் முதல் ஐப்பசி மழையிலேயே இரண்டு வாய்க்கால்களாகிவிடும். பக்கவாட்டில் தண்ணீரை வெளியேற்றலாம் என்றால், தடத்தின் இருபுறமும் அதே சரிவு இருப்பதால் தண்ணீர் எந்தப் பக்கமும் திரும்பாது. காரவள்ளியிலிருந்து மேலே வரும் உங்கள் மலைச்சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறுவதும் ஏற்றத்தை நீளத்தில் பரப்பிக் குறைப்பதற்காகத்தான். பொதுப் போக்குவரத்துச் சாலைகளுக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவுகளில், நூற்றுக்கு 7, 8 என்ற ஏற்றமே மலைகளில் தவிர்க்க முடியாத இடங்களுக்கு உரியதாக இருக்கிறது. தோட்டத் தடத்துக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. ஆனாலும் பத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டாமல் அமைத்தால், டிராக்டருக்கும் மண்ணுக்கும் அது தாங்கும்.

பத்துக்கு ஒன்று என்றால் 80 அடி ஏற 800 அடி நீளம் வேண்டும். இடையிடையே தண்ணீரை வெளியேற்றுவதற்காக ஏற்றத்தை நிறுத்த வேண்டியிருப்பதால் (அதைப் பின்னால் விளக்குகிறேன்) 900 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 500 அடி இருக்கும் உங்கள் நிலத்தில் ஒரே ஒரு வளைவோடு, 450 அடியாக இரண்டு நீட்டங்களில் இது அடங்கிவிடும். தடத்தின் ஏற்றம், அது கடக்கும் நிலத்தின் சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது மலைத்தடம் போடுவோர் பரவலாகப் பின்பற்றும் விதி. பாதியைத் தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல், தடத்தோடு சேர்ந்தே ஓடும். உங்கள் நிலத்தில் பாதி என்பது ஏறக்குறைய 13. நாம் எடுத்துக்கொண்டது 10. எனவே இடம் போதுமானதாகவே இருக்கிறது.

இனி, இயந்திரத்தைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை. பத்தடி நீளமுள்ள வளையாத மர ரீப்பர் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையில் ஓரடி உயரக் காலை ஆணியடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ரசமட்டத்தைக் கட்டுங்கள். கால் உள்ள முனையைக் கீழ்ப்புறக் குச்சியின் அடியில் ஊன்றி, மறுமுனையை மேட்டுப் பக்கமாகத் தரையில் வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள். குமிழி நின்ற இடத்தில் அடுத்த குச்சியை அடியுங்கள். அந்த இரண்டு குச்சிகளுக்கும் இடையே ஏற்றம் சரியாகப் பத்துக்கு ஒன்று. காலைப் பத்து அங்குலமாக அறுத்தால் பன்னிரண்டுக்கு ஒன்று கிடைக்கும். இருவர் சேர்ந்தால் ஒரு நாளில் நிலம் முழுவதும் குறியிட்டுவிடலாம். கண்ணால் பார்த்து ஏற்றத்தை மதிப்பிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. மலையில் நிற்பவர் கண்ணுக்குச் சரிவான இடமும் மட்டமாகத் தெரியும்.

குறியிடும்போதே தண்ணீருக்கும் வழி வைத்துவிட வேண்டும். எண்பது அடிக்கு ஒருமுறை, ஒரு ரீப்பர் நீளத்துக்கு ஏற்றத்தை நிறுத்தி, மட்டமாகவோ இரண்டு மூன்று அங்குலம் இறங்கியோ குச்சி அடியுங்கள். தடத்தில் ஓடிவரும் தண்ணீர் அந்த இடத்தைத் தாண்டிக் கீழே போக முடியாமல், பக்கவாட்டில் வெளியேறிவிடும். தடத்தை வெட்டிய பிறகு மண்ணைக் குவித்து வேகத்தடை போல மேடு போடுவோர் உண்டு. அது டயர் ஏறி ஏறி இரண்டு மழைக்குள் கரைந்துவிடும். குறியிடுதலிலேயே அமைந்த தாழ்வு கரையாது. இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால், பின்னால் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பில் பெரும்பகுதி இல்லாமலே போகும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது டிராக்டருக்கு வருவோம். நூற்றுக்கு 27 என்ற சரிவு ஏறக்குறைய 15 பாகை. அத்தகைய சரிவில் டிராக்டரைக் குறுக்காக ஓட்டுவது பாதுகாப்பின் எல்லையில் ஓட்டுவதாகும். மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலோ, பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கினாலோ எல்லை தாண்டிவிடும். எனவே வெட்டப்படாத சரிவில் முதல் வெட்டை டிராக்டரால் தொடங்கக் கூடாது. நிலத்தின் சில பகுதிகளில் சரிவு நூற்றுக்கு 15-க்குள் இருந்தால், அங்கே மட்டும் நீங்களே வெட்டலாம். முதலில் கலப்பையால் இரண்டு மூன்று முறை கிளறிவிடுங்கள். பிறகு பிளேடை மேட்டுப் பக்கத்து முனை முன்னால் வரும்படி கோணமாகத் திருப்பி, லிப்ட் கம்பியின் திருகுக் கைப்பிடியைச் சுழற்றி, அந்த முனை மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருக்கும்படி வையுங்கள். மண் தானாகப் பள்ளத்துப் பக்கம் உருளும். அடுத்த சுற்றில் மேட்டுப் பக்கச் சக்கரங்களை முதல் சுற்றில் விழுந்த சாலிலேயே ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் டிராக்டர் மலைப்பக்கமாகச் சாய்ந்து, மட்டத்தை நெருங்கிக்கொண்டே வரும்.

மற்ற பகுதிகளுக்கு வாடகைக்கு ஒரு மினி ஹிட்டாச்சி (மண் தோண்டும் சிறிய இயந்திரம்) அமர்த்திக்கொள்ளுங்கள். கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். எட்டடி அகலத் தடத்தில் ஆறடியாவது வெட்டிய தரையாக இருக்க வேண்டும். 27 சரிவில் ஆறடி வெட்டினால் உள்பக்கச் சுவரின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை அடிக்குச் சற்று மேல். ஓரடி நீளத்துக்கு ஐந்து கன அடி மண். 900 அடிக்கு 4,500 கன அடி, அதாவது 45 யூனிட். இறுகிய செம்மண்ணில் இவ்வளவையும் 24 குதிரைத்திறன் டிராக்டரின் பிளேடால் சுரண்டுவது கிளட்சையும் டயரையும் தேய்ப்பதில்தான் முடியும். ஹிட்டாச்சி, தான் வெட்டிய மட்டத்தின் மேல் நின்றே அடுத்த இடத்தை வெட்டிக்கொண்டு முன்னேறும் என்பதால் அதற்குச் சாய்வுச் சிக்கல் இல்லை. வெட்டும் வேலை அதனுடையது; சமன் செய்வது, சாய்வு கொடுப்பது, சரளை பரப்புவது, ஆண்டுதோறும் பராமரிப்பது ஆகியவை உங்கள் டிராக்டருடையவை. உங்களிடம் இருக்கும் டிராக்டர் அந்த வேலைகளுக்கு மிகப் பொருத்தமானது. பெரிய டிராக்டர் எட்டடித் தடத்தில் திரும்பவே இடமிருக்காது.

வெட்டிய மண் வெளிப்பக்கம் விழுந்து அகலமாகத் தெரியும். அந்த மண்ணை நம்பிச் சக்கரம் வைக்காதீர்கள். புல்லும் சருகும் மூடிய சரிவின் மேல் கொட்டிய மண், அடியில் பிடிப்பில்லாமல், மழையில் ஊறியதும் மொத்தமாக வழுக்கி இறங்கும். கொட்டுவதற்கு முன் புல்லைச் செதுக்கி, கடப்பாரையால் படிப்படியாகக் கொத்திவிட்டு, அரையடிக்கு ஓர் அடுக்காகப் பரப்பி இறுக்கினால் ஓரத்துக்கு அது உதவும். மண்ணின் ஈரம் சரியா என்பதைக் கையால் அறியலாம்: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். கையில் ஒட்டினால் இரண்டு நாள் காத்திருங்கள். வெட்டிய மண்ணைச் சில்வர் ஓக், பலா மரங்களின் அடியைச் சுற்றிக் குவித்துவிடாதீர்கள். வேர்ப்பகுதி மூச்சடைத்து மரம் பட்டுப்போனால், அதில் ஏறிய மிளகுக்கொடியும் போய்விடும்.

தடத்தின் மேற்பரப்பு வெளிப்பக்கமாக எட்டடிக்கு நான்கு அங்குலம் சாய்ந்திருக்கட்டும். மேலேயிருந்து வரும் மழைநீர் தடத்தை மெல்லிய படலமாகக் கடந்து போய்விடும். வெளிப்பக்கம் செங்குத்தாக இறங்கும் இடங்களில் மட்டும் சாய்வை உள்பக்கமாக மாற்றுங்கள். ஈரக் களிமண்ணில் சுமை வண்டி பள்ளத்தை நோக்கி வழுக்கக் கூடாது. அங்கே உள்பக்கக் கால்வாய் தேவைப்படும். அதன் தண்ணீரைத் தடத்துக்கு அடியில் கடத்த ஹியூம் குழாய் (கான்கிரீட் குழாய்) பதிக்கத் தோன்றும். சில்வர் ஓக் தோப்பில் நான் அதை விரும்புவதில்லை. உதிர்ந்த இலைகள் குழாயின் வாயில் பாயாக ஒட்டி அடைத்துக்கொள்ளும். அடைத்த இரவிலேயே தண்ணீர் தடத்தின் மேல் ஏறி அறுத்துவிடும். கையளவு கற்களைச் செங்குத்தாக நட்டுப் பாவிய ஆழமற்ற தரைப்பாலம் போதும்; அதை அடைக்க எதுவும் இல்லை. தாழ்வுகளில் தண்ணீர் வெளியேறும் வாயிலிலும் மூன்றடி அகலத்துக்குக் கல் போடுங்கள். அந்தத் தண்ணீர் பக்கத்து நிலத்துக்காரரின் மரவள்ளிக்குள் பாயாதபடி இடம் தேர்ந்தெடுங்கள். பிறகு பஞ்சாயத்து பேசுவதைவிட முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வளைவு எங்கே என்பதுதான் குறியிடுவதில் கடினமான முடிவு. டிரெய்லரோடு திரும்ப, வளைவின் நடுக்கோட்டுக்குக் குறைந்தது 15 அடி ஆரம் வேண்டும். அப்படியானால் வளைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே குறுக்காக 30 அடி. 27 சரிவில் அந்த 30 அடிக்குள் நிலம் எட்டடி உயர்ந்துவிடும். அவ்வளவையும் வெட்டியும் நிரப்பியும் சமாளிக்கத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டிவரும். சரிவு பத்தாக இருக்கும் இடத்தில் அதே வளைவுக்கு மூன்றடிதான். ஆகவே நிலத்தில் மிகச் சாதுவான சரிவுள்ள மேட்டு முதுகைத் தேடி, வளைவை அங்கே முதலில் நிறுத்தி, அதற்கேற்ப மேலும் கீழும் கோட்டை இழுங்கள். ஒரு நீட்டம் குட்டையாகவும் மற்றது நீளமாகவும் அமைந்தாலும் பரவாயில்லை. ஓடைப்பள்ளத்தில் மட்டும் வளைவை வைக்காதீர்கள். வளைவின் தரையில் இரண்டடி அகலத்தில் இரண்டு கான்கிரீட் பட்டைகளைச் சக்கரத்துக்கு ஏற்பப் போட்டு, ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்காகக் கீறிவிடுங்கள்.

ஓட்டுவதில் சில செய்திகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் நிமிர்ந்திருக்கட்டும். இருக்கைப் பட்டை போட்டிருங்கள். இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொக்கியை மாட்டாமல் சரிவில் இறங்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் சுழன்றுவிடும். பெரும்பாலான மினி டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினால்தான் முன்சக்கரங்களும் எஞ்சினோடு சேர்ந்து வேகத்தைப் பிடித்து நிறுத்தும். எனவே ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் அது தேவை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. மரக்கட்டையையோ கல்லையோ இழுப்பதானால் சங்கிலியைக் கீழ் இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். மேல் இணைப்பில் மாட்டி இழுத்தால், கிளட்ச் மிதிக்க நேரம் கிடைக்கும் முன்பே முன்பக்கம் தூக்கி டிராக்டர் பின்னால் விழும். பின்டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் பாரம் கீழே நிற்கும். மட்கார்டின் மேல் ஆள் உட்காரவே கூடாது, அது பள்ளிவிட்டு வரும் குழந்தையாக இருந்தாலும்.

காலம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். குறியிடுவதை மழைக்காலத்திலேயே செய்யுங்கள், தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். தை, மாசியில் மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும்போது வெட்டி, சித்திரைக் கோடைமழைக்கு முன் சரளை போட்டு முடித்துவிடுங்கள். மழை தொடங்கியதும் வெளி ஓரத்தில் அரையடி இடைவெளியில் வெட்டிவேர் நாற்றுகளை நட்டுவிட வேண்டும்.

வேலைக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் சர்வே எண்ணைக் காட்டி, கோடு ஓடைப் புறம்போக்கையோ வனத்துறை எல்லையையோ தொடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவை. ரீப்பரைக் கொஞ்சம் நகர்த்தி மரத்தைச் சுற்றிப் போவதே எளிது. மிஞ்சிய மண்ணை வெளியே விற்க நினைத்தால் கனிமத்துறை அனுமதியும் வேண்டும்.

தடம் முடிந்தபின், முதல் கனமழை பெய்யும்போதே குடையும் மம்பட்டியுமாக ஒருமுறை மேலிருந்து கீழே நடந்து வாருங்கள். பிளேடு ஓட்டும்போது வெளி ஓரத்தில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு தானாகவே உருவாகியிருக்கும். பார்வைக்கு அது தடத்துக்குக் காவலாகத் தெரியும். உண்மையில் தண்ணீரை வெளியேற விடாமல் தடத்துக்குள் அடைத்து ஓடவைப்பது அதுதான். தண்ணீர் தேங்கும் இடங்களிலெல்லாம் அந்த வரப்பை வெட்டிவிடுங்கள், மழை விட்ட பிறகு பிளேடை உள்நோக்கித் திருப்பி முழுவதையும் வழித்து எடுங்கள். ஆண்டுக்கொரு முறை இதைச் செய்தால் போதும். கலப்பையால் தடத்தை மறுபடியும் கிளற வேண்டாம்.