கிருமி விளக்கு வெண்புள்ளிக்கு மருந்தல்ல

மகளின் வெண்புள்ளிக்காக வாரம் இருமுறை தரப்படும் ஒளி சிகிச்சையால் புற்றுநோய் வருமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது இருக்கட்டும். பஸ் அலைச்சலுக்குப் பயந்து, கொரோனா சமயத்தில் வாங்கிய கிருமிநாசினி விளக்கை வீட்டிலேயே பத்து நிமிடம் காட்டியதாகவும், அன்றிரவு அவள் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியதாகவும் கடைசி வரியில் இருக்கிறதே, என் கவலை அதுதான்.

அந்த விளக்கைப் பரண்மேல் போடுங்கள். மருத்துவமனைக் குழலிலிருந்து வருவது 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அது தோலின் நிறமிச் செல்களைத் தூண்டும். கிருமி விளக்கில் வருவது பெரும்பாலும் 254. மேல்தோலையும் கருவிழியையும் சுடுமே தவிர, நிறத்தைத் திருப்பித் தராது. சூரியனிலிருந்து வரும் அந்த வகைக் கதிரை வளிமண்டலமே மேலே தடுத்துவிடுகிறது.

வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நின்றவர் நடுராத்திரியில் கண்ணைப் பொத்திக்கொண்டு வருவாரே, உங்கள் மகளுக்கு வந்ததும் அதே புண்தான். கதிர் படும்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் எரியத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு நாளில் ஆறிவிடும். இன்னும் உறுத்தலோ கூச்சமோ மங்கலோ இருந்தால் இன்றே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு சொட்டு எதையும் விடாதீர்கள்.

இனி புற்றுநோய். 311 கதிர் சிகிச்சையால் தோல் புற்று கூடுவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் இதுவரை காட்டவில்லை. நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்தது, தோலை ஒளிக்கு எளிதில் வசப்படுத்தும் சோரலன் மாத்திரை விழுங்கிவிட்டு நீண்ட அலைப் புற ஊதாக் கதிரைக் காட்டும் 1970களின் முறையாக இருக்க வேண்டும். அதை நூற்றுக்கணக்கான தடவை எடுத்துக்கொண்டவர்களிடம் தோல் புற்று கூடியது உண்மைதான். உங்கள் மகளுக்குத் தருவது அது அல்ல. ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் தோலைப் பாருங்கள். சிவப்பு மறுநாளும் அடங்காவிட்டாலோ கொப்புளம் கண்டாலோ, அடுத்த தடவைக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்.

இனி வீட்டிலும் கடையிலும் உள்ள மற்ற புற ஊதா விளக்குகள். தண்ணீர் சுத்திகரிப்பானில் உள்ள குழல் எஃகு உறைக்குள் இருக்கிறது. கதிர் தண்ணீரில் தங்காது, தாராளமாகக் குடியுங்கள். பூச்சி விளக்கு, கடையில் கள்ள நோட்டு பார்க்கும் விளக்கு, இவற்றுக்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம்.

அலைச்சல்தான் சிரமமென்றால், 311 கதிர் தரும் கைவிளக்குகளே கிடைக்கின்றன. தோல் மருத்துவர் நேரத்தையும் அளவையும் எழுதித் தந்தால் வீட்டில் பயன்படுத்தலாம். இன்னொன்று, வெண்குஷ்டம் என்று இனி எழுதாதீர்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பெண்ணும் அதைப் படிப்பாள் அல்லவா?