பழைய சாலையிலேயே புதிய சாலை: கேள்வி-பதில்

பழுதான சாலையை இருந்த இடத்திலேயே அரைத்து, சுண்ணாம்போ சிமென்டோ தாரோ கலந்து இறுக்கிப் புதிய தளமாக்கும் முறை பற்றிய கேள்விகள் இவை.

களிமண் தரையில் சாலை போடுகிறோம். சுண்ணாம்பு கலப்பதா, சிமென்டா?

மண்ணைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். மண் எந்த அளவுக்குக் களிமண்போலக் குழையும் என்று காட்டும் எண்ணான பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 20-க்கு மேல் போனால் பொதுவாகச் சுண்ணாம்பு; 10-க்குக் கீழே, மணலும் ஜல்லியுமாக இருந்தால் சிமென்ட். இடைப்பட்ட மண்ணுக்கு இரண்டையும் ஆய்வகத்தில் கலந்து பார்க்க வேண்டும். சுண்ணாம்பு பட்டதுமே ஒட்டும் களிமண் பொலபொலவென்று உதிரத் தொடங்கும். வலு அப்புறம் மெல்ல மெல்ல ஏறும். கெட்டிக் களிமண் என்றால் 1 முதல் 3 நாள் ஈரத்தோடு ஊற விட்டு, மறுபடி கலந்து இறுக்குங்கள். மண்ணில் சல்பேட் உப்பு உண்டா என்ற சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். மண்ணில் அது அதிகமிருந்தால் சுண்ணாம்போடும் சிமென்டோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகமாகி வீங்கும். புதிதாகப் போட்ட சாலை மேடு மேடாகத் தூக்கிக்கொள்ளும்.

சிமென்டைக் கூட்டினால் தளம் இன்னும் உறுதியாகுமா?

ஆய்வகத்தில் வலு எண் ஏறும், ஆனால் சாலையில் வெடிப்பு விழும். சிமென்ட் கூடக்கூடச் சுருக்கமும் கூடுகிறது. அந்த வெடிப்பு மேலுள்ள தார் அடுக்குவரை ஏறி, தண்ணீருக்கு வழிவிடும். தேவையான வலுவைத் தரும் குறைந்தபட்ச அளவே போதும். கலந்த சுமார் 2 மணி நேரத்துக்குள் இறுக்கும் வேலையை முடித்து, 7 நாள் ஈரம் காயாமல் பாருங்கள். 1 முதல் 3 நாளுக்குள் அதிர்வு ரோலரைச் சில முறை ஓட்டி, மயிரிழை வெடிப்புகளை நாமே உண்டாக்கும் முறையும் உண்டு. செய்யக் கை கூசும்தான். ஆனால் நுண்வெடிப்புகள் பரவலாக இருந்தால் பெரிய வெடிப்பு விழுவது குறைகிறது.

நுரைத் தார் என்பது என்ன?

160 முதல் 180 டிகிரி வரை சூடாக்கிய தாரில் 2, 3 சதவீதம் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால், அது 10 மடங்குக்கும் மேல் நுரைத்துப் பொங்கும். சில விநாடிகளில் அடங்கிவிடும் அந்த நுரையை, அதற்குள் அரைத்த சாலைப்பொருளோடு கலந்துவிட வேண்டும். 1956-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சானி இதை நீராவி கொண்டு செய்தார். குளிர்நீர் முறை பின்னால் வந்தது. இந்தத் தார் பெரிய கல்லைப் பூசாது, பொடியைத்தான் பிடிக்கும். அதனால் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி 5 சதவீதமாவது வேண்டும். பொடி குறைந்த ஜல்லியில் இதைப் போடுவது வீண்செலவு.

சுண்ணாம்பு முழு ஆழத்துக்கும் கலந்ததா என்று எப்படி அறிவது?

உடனே ஒரு குழி வெட்டி, பக்கச் சுவரில், காரம் பட்டால் நிறம் மாறும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். கலந்த ஆழம்வரை இளஞ்சிவப்பாகும். ஆழத்தைத்தான் அது காட்டும், எவ்வளவு சுண்ணாம்பு கலந்தது என்பதைக் காட்டாது.

பழுதான எந்தச் சாலையையும் இருந்த இடத்திலேயே அரைத்துப் போடலாமா?

கூடாது. மேல் அடுக்கு மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் சுரண்டி எடுத்துப் புதுப்பித்தால் போதும். அடிமண் சேறாக இருந்தால், சோதனைக் குழிகள் வெட்டித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வடிகாலைச் சரிசெய்துவிட்டு அரைக்கும் இயந்திரத்தை இறக்குங்கள்.