கரண்ட் போய் வந்ததும் வைஃபை காணோம்

கேள்வி: கோத்தகிரியில் சின்னத் தேயிலை ஆலை. கொழுந்து எடைக் கணக்கு இருக்கும் கணினியில் டெபியன் லினக்ஸ். தினமும் காலை 6.15க்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) மூலம் ஒரு ஸ்கிரிப்ட் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உட்பட எல்லாவற்றையும் அப்டேட் செய்யும். சில நாள் லாக் (ஒரு சமயம் ஒரு அப்டேட்டை மட்டும் விடும் பூட்டு) கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடம் காத்திருக்க ஸ்லீப் போட்டும் தீரவில்லை. போன வாரம் மழையில் கரண்ட் போய் வந்தபின் யுஎஸ்பி வைஃபை வேலை செய்யவில்லை.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. லாக் விஷயம் எளிது. டெபியனின் சொந்த அப்கிரேட் டைமரும் காலை 6 மணிக்குத்தான்; அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பும். கணினி அணைந்திருந்து தவறிப்போனால், பூட் ஆனதும் ஓடும். அதனால் எத்தனை நிமிட ஸ்லீப்பும் குருட்டுக் கணக்குதான். அப்டேட் செய்யும் கருவியான ஏபிடியிலேயே லாக் டைம்அவுட் உண்டு. 600 வினாடி கொடுங்கள், காத்திருந்து ஓடும்.

வைஃபைக்கு வருவோம். உங்கள் டிரைவர் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டித் தரும் கருவி) வழியாக வந்தது என்று நினைக்கிறேன். அதைப் போட்டபோது, எல்லோரையும் போல, அன்று ஓடிக்கொண்டிருந்த கெர்னலுக்கான ஹெடர்ஸை (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகளை) மட்டும் போட்டிருப்பீர்கள். புது கெர்னல் தானாக வந்தது, ஹெடர்ஸ் வரவில்லை. ஹெடர்ஸ் இல்லாமல் டிகேஎம்எஸ் டிரைவர் மாட்யூலை எப்படிக் கட்டும்? ஆனால் பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் போனதும் தெரிந்துவிட்டது. நம் மலையில் ரீபூட்டை நாமா முடிவு செய்கிறோம்? ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்தால் போதும்.

இப்போதைக்கு, கணினி கிளம்பும்போது வரும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலில் பூட் செய்யுங்கள், வைஃபை வரும். அப்புறம் பதிப்பு எண் இல்லாத ஹெடர்ஸ் மெட்டா பேக்கேஜைப் போடுங்கள்; 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிக்கு அது 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64'. இனி ஒவ்வொரு கெர்னலோடும் அதற்கான ஹெடர்ஸும் வந்துவிடும்.

ஸ்கிரிப்டில் ஒரு சோதனையையும் சேருங்கள். அப்டேட் முடிந்ததும், புது கெர்னலின் பதிப்புக்கு நேரே டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் 'இன்ஸ்டால்டு' என்று காட்டுகிறதா? காட்டாவிட்டால் ரீபூட் வேண்டாம், க்ரப்பின் டீஃபால்ட்டைப் பழைய கெர்னலுக்கு மாற்றி, உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பட்டும். ஹெடர்ஸ் இருந்தும் பழைய டிரைவர் கோடு புது கெர்னலில் கம்பைல் ஆகாமல் போவதுண்டு. எடை மேடை வரை ஒரு லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இந்த டிரைவரே தேவைப்படாது.