கசியும் சுவர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஜூலையில் அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்திலுள்ள கிரேட்டர் லேக் (Crater Lake) ஏரிக்குக் குடும்பத்துடன் போய்வந்தோம். அந்த நீலம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. சில சந்தேகங்கள். ஏரிக்குள் எந்த ஆறும் வருவதில்லை, எந்த ஆறும் வெளியே போவதில்லை என்கிறார்கள். அப்படியென்றால் ஏன் இத்தனை ஆண்டுகளில் நிரம்பி வழியவில்லை? மகாராஷ்டிரத்தில் வேலைபார்த்த காலத்தில் லோனார் ஏரியைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் வெளிவழி கிடையாது, ஆனால் அது உப்பும் காரமுமான நீர். இது மட்டும் எப்படி நன்னீராக இருக்கிறது? எரிமலையின் தலை வெடித்துப் பறந்ததால் உண்டான பள்ளம் என்று உடன்வந்த நண்பர் சொன்னார், அது சரியா? கடைசியாக, தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்க உரிமமே வேண்டாம் என்பதைக் கேட்டபோது விசித்திரமாக இருந்தது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது பரவலான நம்பிக்கை. தலை பறக்கவில்லை, உள்ளே இறங்கியது. அங்கே இருந்த மசாமா என்ற எரிமலை ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரம். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் முதலில் ஒற்றை வாய் வழியாகச் சாம்பலும் நுரைக்கல்லும் வானில் பல பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தன. அடியில் மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) தேங்கியிருந்த அறை காலியாகக் காலியாக மேலே இருந்த மலைக்குத் தாங்கல் இல்லாமல் போயிற்று. வட்டமாக விரிசல்கள் விழுந்து மலையின் நடுப்பகுதி அப்படியே அமிழ்ந்தது. வெளியே வந்த மாக்மா சுமார் 50 கன கிலோமீட்டர்.

சான்று மிக எளிமையானது. மலை வெடித்துச் சிதறியிருந்தால் சுற்றுவட்டாரத்தில் பழைய மலையின் பாறைத்துண்டுகள் குவிந்து கிடக்கவேண்டும். அங்கே கிடப்பதோ பெரும்பாலும் புதிய நுரைக்கல். 1942-இல் வெளியான நிலவியலாளர் ஹவெல் வில்லியம்ஸின் ஆய்வுக்குப் பிறகு இதில் பெரிய விவாதம் இல்லை. வடக்குச் சுவரில் கிளீட்வுட் எரிகுழம்பு என்ற அடுக்கு இருக்கிறது. பெருவெடிப்புக்குச் சற்று முன்தான் அது வழிந்தது. நிலம் இறங்கியபோது அதன் உட்பகுதி இன்னும் ஆறவில்லை, ஆகவே புதிய பள்ளத்தை நோக்கித் திரும்ப வழிந்தது. சரிவு எத்தனை விரைவாக நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. எனவே, பெயரில் கிரேட்டர் (எரிமலை வாய்) இருந்தாலும் நிலவியலாளர்கள் இதைக் கால்டெரா, அதாவது எரிமலை உள்ளே இறங்கி உண்டான பெரும்பள்ளம், என்றே சொல்வார்கள். லோனார் இதிலிருந்து முற்றிலும் வேறு: தக்காணத்து எரிமலைப் பாறையின்மேல் விண்கல் மோதி உண்டான பள்ளம்.

இனி நீர்க்கணக்கு. ஏரியின் பரப்பு சுமார் 53 சதுர கிலோமீட்டர். அதற்கு நீர் தரும் மொத்த வடிநிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஏரியே அடைத்துக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள சுவர்கள்தான் மிச்சம். ஆக வருவதெல்லாம் நேராக மேலே விழும் பனியும் மழையும், சுவரில் வழியும் கொஞ்சமும்தான். வெறும் பள்ளம் இன்றைய மட்டத்துக்கு நிரம்ப சுமார் 740 ஆண்டுகள் ஆயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏரி நிரம்பிக்கொண்டிருந்தபோதே உள்ளே சிறிய எரிமலைகள் வளர்ந்தன. நீங்கள் பார்த்த விசர்ட் தீவு அவற்றில் ஒன்றின் உச்சி மட்டுமே. எரிகுழம்பு காற்றில் ஓடினால் ஒருவகையாக உறையும், நீரைத் தொட்டால் நொறுங்கிச் சரளையாகும். அந்த மாற்றம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தால் அப்போதைய நீர்மட்டம் கிடைக்கும்.

ஏன் வழியவில்லை? இங்கேதான் ‘வெளிவழி இல்லை’ என்ற வாசகத்தைத் திருத்தவேண்டும். வெளியே ஓடும் ஆறு இல்லை, ஆனால் கசிவு உண்டு. ஆவியாகிப் போவதைவிடக் கசிந்து போவது அதிகம். வடகிழக்குச் சுவரில், எரிகுழம்பு அடுக்கு ஒன்றின் அடியில், பழைய பனியாறுகள் விட்டுப்போன சரளை அடுக்கு இருக்கிறது. அது தண்ணீரை விடும். நீர்த்தொட்டியின் மேல்விளிம்பில் வைக்கும் வழிகுழாயைப் போல என்று சொல்லலாம், ஆனால் அதைவிட நுட்பமானது: மட்டம் ஏறினால் அந்த அடுக்கின் கூடுதல் பகுதி நீரில் மூழ்கிக் கசிவு பெருகும், மட்டம் இறங்கினால் கசிவு குறையும். கடந்த நூறு ஆண்டுகளில் மிக உயர்ந்த மட்டத்துக்கும் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் வித்தியாசம் ஐந்து மீட்டர் அளவுதான். ஆழம் 594 மீட்டர் உள்ள ஏரிக்கு இது ஒன்றுமேயில்லை.

உப்புக்கும் இதுவே பதில். லோனாரில் நீர் ஆவியாகியே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இங்கே கசியும் நீர் தன்னில் கரைந்ததையும் கூடவே கொண்டுபோகிறது. அடித்தளத்தில் வெந்நீர் ஊறி வருமிடங்கள் உண்டு. சிறிய உப்புநீர்க் குட்டைகளையும் பாக்டீரியாப் படலங்களையும் 1980-களின் இறுதியில் ஒற்றை ஆள் நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தார்கள். அந்த உப்பும் சுவர் வழியே வெளியேறுவதால்தான் நன்னீர் நன்னீராக இருக்கிறது.

நீலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கும், நீலம்தான் ஆழம்வரை போய்ச் சிதறித் திரும்பும். வண்டல் கொண்டுவர ஆறு இல்லாததால் இடையில் அதை மறிக்க எதுவும் இல்லை. தெளிவை அளக்க செக்கி தட்டு என்ற, கறுப்பும் வெள்ளையுமான 20 சென்டிமீட்டர் வட்டத்தகட்டைக் கயிற்றில் இறக்குவார்கள். மறையும் ஆழம், தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழம், இரண்டின் சராசரிதான் அளவு. நண்பகலை ஒட்டி, அலையில்லாத நாளில், படகின் நிழல்பக்கமாக இறக்கவேண்டும். மேலே வெயில் மினுங்கினாலோ சிற்றலை இருந்தாலோ கணக்கு பல மீட்டர் குறைந்துவிடும். இங்கே சாதாரணமாகவே 30 மீட்டர் அளவுக்கு வரும். 1997-இல் 40 மீட்டரைத் தாண்டியது.

இத்தனை ஒளி இறங்குவதால் உயிர்களும் கீழே போய்விட்டன. நுண்பாசியின் பச்சையம் மிகுந்திருப்பது கோடையில் நூறு மீட்டருக்கும் கீழே. சுவர்களில் மாஸ் (moss) என்ற பாசிவகைச் செடி 30 மீட்டரிலிருந்து 140 மீட்டர்வரை திரைச்சீலைகளாகத் தொங்குகிறது. மேல்நீரில் நுண்பாசிக்குத் தட்டுப்பாடு நைட்ரஜன். ஆழத்தில் சேர்ந்திருக்கும் நைட்ரேட் மேலே வரவேண்டும், மேலே உள்ள ஆக்சிஜன் அடிக்குப் போகவேண்டும். குளிர்காலக் காற்று 200, 250 மீட்டர்வரைதான் கலக்கும். அதற்குக் கீழே போவது தந்திரமான வேலை. நீர் மிகக் கனமாவது 4 டிகிரியில் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அழுத்தம் கூடக்கூட அந்த வெப்பநிலை இறங்கும், 100 மீட்டருக்குச் சுமார் 0.2 டிகிரி. ஆகவே மேற்பரப்பு 4 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து, புயற்காற்று அதை ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு அழுத்தித் தள்ளிவிட்டால், அங்கிருந்து அது தானாகவே அடிவரை மூழ்கும். இது ஒவ்வோர் ஆண்டும் நடப்பதில்லை. குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்தால் மேற்பரப்பு அவ்வளவு குளிராது, சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகும். புவி வெப்பமாவதில் இந்த ஏரிக்கு உள்ள பெரிய ஆபத்து இதுதான் என்பது என் எண்ணம், சுற்றுலாப் பயணிகள் போடும் குப்பை அல்ல.

கடைசியாக மீன். ஏரியில் இயற்கையாக மீனே கிடையாது. 1888-இல் வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல் என்பவர் மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். (பூங்கா அமையப் பாடுபட்டவரும் அவரேதான்.) 1941 வரை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவற்றில் வானவில் டிரவுட்டும் கோகனி சால்மனும் மட்டும் நிலைத்தன. அந்நிய இனம் என்பதால்தான் உரிமமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆனால் புழு, மீன்முட்டை போன்ற எந்த இரையையும் தூண்டிலில் கோக்கக்கூடாது, செயற்கை இரை மட்டுமே.

மீனைவிடத் தொல்லை மீனுக்கு இரையாக 1915-இல் விடப்பட்ட சிக்னல் கிரேஃபிஷ். கொடுக்குள்ள நன்னீர் இறால் வகை. இன்று கரையின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. நத்தைகளையும் பூச்சிகளின் இளம்பருவங்களையும் தின்றுவிடுவதால், அவை மேய்ந்துகொண்டிருந்த கரைப்பாசி தழைக்கிறது. இந்த ஏரிக்கே உரிய மசாமா நியூட் நிலைமை மோசம். பல்லியைப் போன்ற, தவளைக்கு உறவான பிராணி. இதன் இனத்தார் வெளியில் கொடிய நஞ்சு உடையவர்கள். வேட்டையாட யாருமில்லாத இந்த ஏரியில் வாழ்ந்த மசாமா நியூட்டிடம் அந்த நஞ்சு கிட்டத்தட்ட இல்லை. கிரேஃபிஷ் இருக்கும் கரைகளில் நியூட்டைக் காண்பது அரிது. கிரேஃபிஷ்ஷைப் பொறிவைத்துப் பிடித்துப் பார்க்கிறார்கள், ஆனால் இத்தனை ஆழமும் பாறையிடுக்குமுள்ள கரையில் முழுமையாக ஒழிப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

நீரில் இறங்க அனுமதிக்கப்பட்ட ஒரே வழி கிளீட்வுட் கோவ் பாதை. 1.8 கிலோமீட்டரில் 210 மீட்டர் இறக்கம், திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம். அடுத்த முறை போகுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று பூங்கா அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். குளிக்கலாம், ஆனால் நீச்சல் கண்ணாடி முகமூடி, துடுப்புக்காலணி, மிதவை எதையும் எடுத்துப்போகாதீர்கள். வேறு ஏரியின் ஈரத்தில் ஒட்டிவரும் உயிர்களுக்குப் பயந்து அவற்றைத் தடைசெய்திருக்கிறார்கள்.